ஹோம் நர்ஸிங் ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கு: விழுவது பேஷன்ட் மட்டுமில்லை

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஹோம் நர்ஸிங் ஏஜென்சி நடத்துகிற சார்களுக்கும் மேடம்களுக்கும்,

வணக்கம். வீடுகளில் தங்கிப் பேஷன்ட் பார்க்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். எந்த ஏஜென்சி, எந்த வீடு என்று இதில் எழுதப்போவதில்லை. பெயர் சொல்லிச் சண்டை போட இதை எழுதவில்லை, அப்புறம் எனக்கு நாளைக்கும் வேலை வேண்டும். கேட்க வந்தது இதுதான்: எங்களை ஒரு வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த வீட்டில் நாங்கள் எங்கே வழுக்கி விழுவோம் என்று உங்களில் யாராவது போய்ப் பார்க்கிறீர்களா? விழுந்தால் செலவும் சம்பளமும் யார் பொறுப்பு என்று எழுத்தில் தருகிறீர்களா? எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான்.

பெரியவர்கள் விழுவதைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நல்ல விஷயம். உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்ததால் இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, அதில் 60 வயது தாண்டியவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் பண்ணும்போதே விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், 2031-இல் அது 18.2 ஆகும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது, அதனால் உங்கள் ஆபீஸ் போன் இனிமேல்தான் அதிகமாக அடிக்கப்போகிறது. அடிக்கட்டும், எங்களுக்கும் அதுதான் சோறு. ஆனால் "அப்பா விழுந்துடக் கூடாது, அதுக்குத்தான் ஆள் வேணும்" என்று கேட்கிற ஒவ்வொரு வீட்டிலும், அந்த ஆளும் அதே ஈரத் தரையில்தான் நிற்கிறாள், அப்பாவின் பாதி எடையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு. அவள் விழுந்தால் அப்பாவும் விழுவார். இதை ஒரு குடும்பத்துக்கும் நீங்கள் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் பாத்ரூம். பழைய ஃபிளாட்டுகளில் பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு தடுப்புக் கட்டியிருப்பார்கள், மூன்று நான்கு அங்குலம்தான், நன்றாக நடக்கிற ஆளுக்கு அது கண்ணிலேயே படாது. வீல்சேர் அதைத் தாண்டாது, கமோடு சேரின் சின்னச் சக்கரமும் தாண்டாது. ஆகவே பாட்டியை வாசலிலேயே எழுப்பி நிறுத்தி, அவரை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நான் பின்பக்கமாக நடந்து, குதிகாலால் அந்தத் தடுப்பைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே இறங்க வேண்டும். உள்ளே தரை தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கமாகச் சரிந்திருக்கும். குளிக்க வைப்பதற்கு இருப்பது பிளாஸ்டிக் சேர், ஹாலில் விருந்தாளிக்குப் போடுகிற அதே சேர், ஈர டைல்ஸில் எடை ஏறினால் அதன் கால்கள் ஆளுக்கொரு பக்கம் விரியும். வெள்ளிக்கிழமை என்றால் பாட்டிக்கு எண்ணெய்க் குளியல், தாத்தா என்றால் சனிக்கிழமை. தலையிலிருந்து வழிகிற எண்ணெய் எங்கே போகும், என் காலுக்கடியில்தான் போகும், அதைச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவது குளியல் முடிந்த பிறகு, குளியல் நடக்கிறவரை நான் அதன் மேலேதான் நிற்கிறேன். சுடிதார் பேன்ட் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தலையில் விழுந்ததும் பாட்டி பயந்து கையில் அகப்பட்டதைப் பிடிப்பார், அது பெரும்பாலும் என் கழுத்து. எனக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? டவல் கம்பி இருக்கிறது. இரண்டு சின்ன ஸ்க்ரூவில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கம்பி, துண்டு காயப்போடத்தான் லாயக்கு. அதை விட்டால் கெய்சர் பைப், சுடும். ஒரு வீட்டில் நான் போன அன்றைக்கே டவல் கம்பி ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் ஏன் போய்விட்டார் என்று கேட்டேன், அவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். சரி என்று நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பாத்ரூமுக்கு என்ன தேவை? கமோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, சுவரில் துளை போட்டு ஒழுங்காக மாட்டின கிராப் பார், அதாவது பிடித்துக்கொள்கிற கம்பி. ரப்பர் அடிக்கால் வைத்த குளியல் ஸ்டூல். அடியில் உறிஞ்சு பிடிக்கிற மேட். வாசல் தடுப்புக்கு ஒரு சின்னச் சாய்தளம். வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் விட மாட்டார் என்றால் அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளலாம், அப்படிப்பட்ட வீட்டில் பாத்ரூமுக்குள் கூட்டிப்போகாமல் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடலாம், அதில் பாட்டிக்கு ஒரு குறையும் வந்துவிடாது. கதவு உள்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் உள்பக்கம்தான் திறக்கும், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே விழுந்தால் எங்கள் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியே இருந்து யாரும் தள்ளித் திறக்க முடியாது.

அடுத்தது செருப்பு. இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், எனக்கு இதுதான் பாத்ரூமுக்கு அடுத்த பெரிய விஷயம். பயிற்சி வீடியோ எல்லாம் வெளிநாட்டில் எடுத்தது, அதில் வருகிற பெண் நல்ல கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு பேஷன்ட்டை எழுப்புகிறாள். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி, பூஜை அறையும் சமையலறையும் இருக்கிற இடத்தில் தெருச் செருப்போடு நடக்க எனக்கே மனசு வராது. அப்போ வெறுங்கால். கீழே விட்ரிஃபைட் டைல்ஸ், இல்லாவிட்டால் கிரானைட், அதுவும் காலையில் பினாயில் போட்டுத் துடைத்துக் காயாத தரை. பாத்ரூம் வாசலில் வீட்டுக்கே பொதுவாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும், அடிப்பாகம் தேய்ந்து சோப்பு மாதிரி இருக்கும், அதைப் போடுவதற்கு வெறுங்காலே மேல். இத்தனைக்கும் அதே வீட்டில் பாட்டிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் வீட்டுக்குள் போட எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், பாட்டி அதைப் போட்டுக்கொண்டு பூஜை அறை வரைக்கும்கூடப் போகிறார். நானும் கழுவித் துடைத்த, தெருவை மிதிக்காத ஒரு செருப்பு கேட்டால் முகம் மாறுகிறது. நான் கேட்டால்தான் மாறும். நீங்கள் ஆள் அனுப்பும்போதே, இவர் வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு ஏஜென்சி கொடுத்த வழுக்காத செருப்பு வைத்திருப்பார், இது எங்கள் விதி என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். யூனிஃபார்ம் போடச் சொல்லி, ஐ.டி. கார்டு மாட்டச் சொல்லி விதி வைக்கத் தெரிந்த உங்களுக்கு இது தெரியாதா?

உங்கள் ஆபீஸிலிருந்து வருகிற வாட்ஸாப் மெசேஜ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "ஆண் பேஷன்ட், 72, ஸ்ட்ரோக், கே.கே. நகர், 24 ஹவர்ஸ், அர்ஜென்ட்." அவ்வளவுதான். எத்தனை கிலோ, எந்தப் பக்கம் கை கால் வராது, தானாக எழுந்து நிற்பாரா, மாடியா, லிஃப்ட் உண்டா, வீட்டில் தூக்க இன்னொரு ஆள் உண்டா, ஒன்றும் இருக்காது. ஆனால் பேஷன்ட் சைவமா அசைவமா என்பது சில நேரம் இருக்கும். அமெரிக்காவில் 2007-இல் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: பேஷன்ட்டை ஒரு ஆள் வெறும் கையால் தூக்குவதென்றால், எல்லாம் சரியாக இருக்கும்போதுகூட, 35 பவுண்டுக்கு மேல் கூடாது. அது 16 கிலோ. மளிகைக் கடையில் வாங்குகிற 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் குறைவு, மூட்டையாவது திமிறாது. நம் ஊரில் 80 கிலோ தாத்தாவை 50 கிலோ பெண் தனியாகக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுகிறாள், அதுவும் பாதிப் பேர் 45 வயசைத் தாண்டினவர்கள், முட்டி வலிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்கு வருகிறவர்கள்.

தூக்கத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தால் பாதிக் கஷ்டம் குறையும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஏஜென்சி இல்லை, ஒரு வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிஸ்ட் தம்பி. ஸ்ட்ரோக் வந்தவரின் பலமில்லாத பக்கம் நில்லுங்க அக்கா, ஒரு காலை முன்னால் வைங்க, முட்டியை மடக்குங்க, முதுகை வளைக்காதீங்க, அவர் கை உங்க கழுத்துக்கு வரவே கூடாது என்றார். இடுப்பில் கட்டுகிற, கைப்பிடி வைத்த ஒரு பெல்ட் இருக்கிறது, அதைப் பேஷன்ட்டுக்குக் கட்டிவிட்டால் நமக்குப் பிடிக்க ஒரு இடம் கிடைக்கும், கையையோ அக்குளையோ பிடித்து இழுக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பி சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். பேஷன்ட் விழ ஆரம்பித்துவிட்டால் நிறுத்தப் பார்க்காதீங்க என்றார். உங்க உடம்போடு சாய்த்து, உங்க தொடை மேல் சறுக்கவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார வைங்க, தலை அடிபடாமல் மட்டும் பாருங்க, அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க. பாதி விழுந்த 80 கிலோவை நிறுத்திப் பிடிக்கப் போனால் இரண்டு பேருக்கும் எலும்பு முறியும்.

இது சரியான முறை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஹாலில் மாட்டியிருக்கிற கேமராவில், அமெரிக்காவில் இருக்கிற மகள் பார்க்கிறபோது, அப்பாவை நான் தரையில் உட்கார வைத்தது "பிடிக்காம விட்டுட்டா" என்றுதான் தெரியும். அதனால் நாங்கள் பிடிக்கிறோம். வேலை போய்விடும் என்ற பயத்தில் பிடிக்கிறோம், முதுகு போகிறது, மணிக்கட்டு போகிறது. குடும்பத்திடம் கையெழுத்து வாங்குகிற தாளில் இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள்: பேஷன்ட் விழ நேர்ந்தால் எங்கள் பணியாளர் அவரைப் பாதுகாப்பாகத் தரையில் இறக்குவார், தூக்கிப் பிடித்து நிறுத்த மாட்டார், அதுதான் முறை. இந்த ஒரு வரிக்கு ஒரு பைசா செலவில்லை.

ராத்திரி. 24 மணி நேர டியூட்டி என்று நீங்கள் சொல்வதில் தூக்கம் எத்தனை மணி நேரம் என்று எந்தத் தாளிலும் இல்லை. மறதி நோய் வந்த பேஷன்ட் என்றால் ராத்திரிதான் அவருக்குப் பகல். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பேன், அவர் காலைக் கீழே போடுகிற சத்தம் கேட்டதும் அரைத் தூக்கத்தில் துள்ளி எழ வேண்டும், எழுந்த வேகத்தில் கண் இருட்டும், பாய் நுனி காலில் சிக்கும், ஏற்கெனவே தரையில் மூத்திரம் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். கரண்ட் பில் ஏறுகிறது என்று நைட் லேம்ப்பையும் அணைக்கச் சொன்ன வீடு உண்டு, அந்த வீட்டில் ஹாலில் மட்டும் மூன்று ஏ.சி. நாலைந்து நாள் சரியாகத் தூங்காதவளைக் காலையில் பாத்ரூம் தடுப்பைத் தாண்டிப் பேஷன்ட்டைத் தூக்கச் சொல்கிறீர்கள், அப்புறம் "கவனமா இருந்திருக்கணும்" என்று போனில் சொல்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ரிலீவர், அதாவது மாற்று ஆள், அனுப்புவது நீங்கள் செய்கிற தர்மம் இல்லை, இது கணக்கில் சேர வேண்டிய செலவு.

மாடிப்படி, வெளி வாசல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹவுஸிங் போர்டு ஃபிளாட்டுகளில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பேஷன்ட்டை டயாலிசிஸுக்கு இறக்க பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து வாட்ச்மேன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்குகிறோம். சில வீடுகளில் அவர்கள் டாய்லெட்டை நாங்கள் உபயோகிக்கக் கூடாது, கீழே வாட்ச்மேன் டாய்லெட்டுக்குப் போக வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் அதே படிதான், படியில் லைட் எரியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் டேங்க் பக்கமும் பின்வாசலும் பாசி பிடித்துவிடும், துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாலும் அதே கதை. ஃபேன் துடைக்க, பரணிலிருந்து பாத்திரம் எடுக்க ஸ்டூல் மேல் ஏறச் சொல்கிறார்கள். அது எங்கள் வேலையே இல்லை, இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது விழுந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். என்னோடு முன்பு வேலை பார்த்த ஓர் அக்கா, செஞ்சிப் பக்கம் ஊர், வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பேஷன்ட்டை பாத்ரூமிலிருந்து கூட்டிவரும்போது வழுக்கி, பேஷன்ட் தன் மேல் விழுகிற மாதிரி இவர் அடியில் விழுந்தார், வலது கையை ஊன்றினார். அடுத்த ரூமிலிருந்து ஓடிவந்தவர்கள் முதலில் கேட்டது "அம்மாக்கு ஒண்ணும் ஆகலையே?" அதில் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் அம்மா, அப்படித்தான் கேட்பார்கள். ஏஜென்சிக்குப் போன் போட்டார்கள், ஏஜென்சியும் அதையே கேட்டது. அதில்தான் கோபம். சாயங்காலத்துக்குள் வேறு ஆள் வந்தாயிற்று. அக்கா தன் பையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனார். வேலை பார்த்த நாளுக்குக் கணக்குப் பார்த்துச் சம்பளம் வந்தது, கமிஷன் பிடித்துக்கொண்டு. அந்த வீட்டுக்காரம்மா தனியாகக் கொஞ்சம் பணம் கையில் கொடுத்தார், நல்ல மனசு. ஜி.எச்.சில் மாவுக்கட்டுப் போட்டார்கள், கூட்டத்தில் திரும்பத் திரும்பப் போக முடியாமல் அக்கா யாரோ சொன்னார்கள் என்று புத்தூர் கட்டுக்கு மாறினார், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இப்போது அந்தக் கையால் ஈரத் துணியைப் பிழிய முடியாது. துணி பிழிய முடியாதவரை எந்த வீட்டில் பேஷன்ட் பார்க்க வைத்துக்கொள்வார்கள்? ஒரு ஸ்கூலில் ஆயாவாக இருக்கிறார், வாங்கினதில் பாதிகூடச் சம்பளம் இல்லை. இந்தச் சம்பவம் எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. அடுத்த ஆள் அதே பாத்ரூமில், அதே பேஷன்ட்டோடு.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் கேட்டும் படித்தும் பார்த்தேன். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தைத்தான் நிறுவனம் என்கிறது, ஒருத்தி தனியாக வேலை பார்க்கிற வீடு அதில் வராது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான வேலைச் சூழல் உரிமை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் 189-ஆம் உடன்படிக்கை கொண்டுவந்தது, இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத் திருத்த மசோதாவில் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தது, 2024-இல் மக்களவை கலைந்ததோடு அதுவும் போயிற்று. அதிலும் எங்களுக்குப் பயிற்சி இருக்க வேண்டும், எங்களைப் போலீஸ் சரிபார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். நாங்கள் திருடுவோமா என்ற கவலை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் வீடு ஒரு பணியிடம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கிற 2013-ஆம் வருஷச் சட்டம் பணியிடம் என்பதில் குடியிருக்கிற வீட்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அந்த விஷயத்துக்கு வீடு பணியிடம் என்றால் வழுக்கி விழுகிற விஷயத்துக்கும் பணியிடம்தான்.

இப்போது நான் முக்கியமாகக் கேட்பது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனம், மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒரு அட்டெண்டருக்கு நீங்கள் கட்ட வேண்டியது மாசம் 585 ரூபாய், நாங்கள் கட்ட வேண்டியது 135 ரூபாய். அவ்வளவுதான். இதைக் கட்டியிருந்தால் அந்த அக்காவுக்குச் சிகிச்சை செலவில்லாமல் நடந்திருக்கும், கை குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் வீட்டுக்கு வந்திருக்கும், கையில் நிரந்தரமாக வந்த குறைக்கு அதன் அளவுக்கு ஏற்ப மாசாமாசம் பணம் வந்திருக்கும். டியூட்டிக்கு வருகிற வழியில், போகிற வழியில் விபத்து நடந்தாலும் அதில் வரும், ராத்திரி எட்டு மணி டியூட்டிக்கு ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று ஒரு மேனேஜர் என்னிடம் சொன்னார். அந்த அட்டை ஆபரேஷனுக்கு உதவும், வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாசங்களில் அரிசி வாங்கித் தராது. வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது, அதில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று தோழிகளுக்கு நானே சொல்கிறேன், ஆனால் அதுவும் நின்றுபோன சம்பளத்துக்கு ஈடாகாது.

"நாங்க வெறும் ஆள் அனுப்புறவங்க, நீங்க எங்க ஸ்டாஃப் கிடையாது" என்று சொல்வீர்கள், எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியா? யூனிஃபார்ம் உங்களுடையது. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வது நீங்கள். லீவு உங்களிடம் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் பணம் உங்களுக்குக் கட்டுகிறார், நீங்கள் பிடித்தது போக மீதியை எங்களுக்குத் தருகிறீர்கள். நேரடியாக அந்த வீட்டில் வேலைக்குச் சேரக் கூடாது என்று எங்களிடமும் கையெழுத்து, குடும்பத்திடமும் கையெழுத்து. நாங்கள் சம்பாதிக்கிறவரை உங்கள் ஸ்டாஃப், விழுந்த அன்றைக்கு மட்டும் தனி ஆள். இது எந்த லேபர் ஆபீஸரிடம் போனாலும் சிரிக்கிற வாதம் என்று நினைக்கிறேன், நான் சட்டம் படிக்கவில்லை, நீங்கள் வேண்டுமானால் உங்கள் வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வீட்டை நேரில் பார்க்க உங்கள் சூப்பர்வைசருக்கு அரை மணி நேரம் போதும். தூரம், நேரமில்லை என்றால் பாத்ரூம் வாசல், பாத்ரூம் உள்ளே, கட்டில் பக்கம், மாடிப்படி என்று குடும்பத்தையே போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஆதார் காப்பியும் அட்வான்ஸும் கேட்டு வாங்குகிற அதே போன் காலில் கேட்டுவிடலாம். பேஷன்ட் எடையையும் எந்தப் பக்கம் பலமில்லை என்பதையும் கேட்டு எங்களுக்கு மெசேஜில் போடுங்கள். எழுந்து நிற்கவே முடியாத கனமான பேஷன்ட் என்றால் இரண்டு பேர், அல்லது தூக்குகிற நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் கை கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கிராப் பார் இல்லாத பாத்ரூமில் குளிக்க வைக்க மாட்டோம், துடைத்துவிடுவோம் என்று சொல்லுங்கள். ஆபீஸில் ஒரு நோட்டுப் போட்டு யார் எந்த வீட்டில் எப்படி விழுந்தார்கள் என்று எழுதுங்கள், விழப் பார்த்து தப்பித்ததையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே வீட்டின் பெயர் இரண்டாவது தடவை வந்தால் அடுத்த ஆளை அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இதைப் படிக்கிற சிலர் ஏற்கெனவே இதில் சிலதைச் செய்யலாம், அவர்களிடம் வேலை பார்க்க எனக்கும் ஆசைதான்.

இதெல்லாம் கேட்டால் குடும்பம் பக்கத்துத் தெரு ஏஜென்சிக்குப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயம், ஏனென்றால் பக்கத்துத் தெருக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு மணி நேரத்தில் ஆள் அனுப்புவார். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஒரு ஏஜென்சிக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கமிஷன் ரேட்டை ஒரே மாதிரி வைத்திருக்கிறீர்கள், டியூட்டி நேரத்தை ஒரே மாதிரி வைத்திருக்கிறீர்கள், இதையும் ஒரே மாதிரி வைக்கலாம். தவிர, குடும்பங்கள் அவ்வளவு மோசம் இல்லை. கிராப் பார் மாட்டுங்கள் என்று நான் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், "அவங்க விழுந்தா அம்மாவும் கூட விழுவாங்க மேடம்" என்று ஆபீஸிலிருந்து நீங்கள் சொன்னால் அடுத்த நாளே பிளம்பர் வந்து நிற்பார். மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால் இன்னும் சீக்கிரம், அங்கே உட்கார்ந்தபடியே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுவார்கள்.

தொழிலாளர் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இலிருந்து அரசே வீடு வீடாக ஆள் அனுப்புகிறது, அந்தப் பெண்களும் இதே பாசி வாசலைத்தான் மிதிக்கிறார்கள், இதே இருட்டுப் படியில்தான் ஏறுகிறார்கள். ஏஜென்சிகள் எத்தனை இருக்கின்றன, அதில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. கட்டப்படுகிறது என்று ஒரு தடவை கணக்கெடுங்கள்.

ஏஜென்சிக்காரர்களிடம் கடைசியாக. இனி உங்களிடம் வேலைக்கு வருகிறபோது, எனக்குத் தெரிந்த தோழிகளும் நானும் சம்பளம் எவ்வளவு என்பதோடு இன்னும் மூன்று கேட்கப்போகிறோம்: என் இ.எஸ்.ஐ. நம்பர் என்ன, பேஷன்ட் எத்தனை கிலோ, பாத்ரூமை யார் போய்ப் பார்த்தார்கள். பதிலை வாட்ஸாப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் யூனிஃபார்மில் வேலை பார்க்கிற ஒரு அட்டெண்டர்